இருமலைக் கேட்டது போதும், மூச்சைப் பாருங்கள்

கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், துணைக்கு வந்திருக்கும் பாட்டிமார்களுக்கும், பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தந்தையருக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். கைக்குழந்தைக்கு வரும் மூச்சுநோயைத் தாய் எப்படி அறிந்துகொள்வது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஓர் அறிகுறிப் பட்டியலை வாசித்துவிட்டுப் போவார்கள். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு, வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். நான் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு வாதாட வந்திருக்கிறேன். நம் வீடுகளில் குழந்தையின் மூச்சுநோயைக் காதால் தேடுகிறோம். கண்ணால் தேட வேண்டும். கண்ணால் கண்டுபிடிக்கும் திறமை பிள்ளை பெற்றதும் தானாக வந்துவிடாது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பிறகு, தாய் கண்டு சொல்வதை வீட்டாரும் மருத்துவரும் சான்றாக ஏற்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தவறினாலும் மற்றவை வீண் என்பதே என் வாதம்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி "சளியா, இருமலா?" என்பதுதான். முதுகில் கையை வைத்துப் பார்த்து, "கரகரன்னு நெஞ்சுச்சளி கட்டியிருக்கு" என்று ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார். அந்தக் கரகரப்பு பெரும்பாலும் நெஞ்சிலிருந்து வருவதே இல்லை. பிறந்து சில மாதங்கள் வரை குழந்தை முக்கியமாக மூக்கால்தான் மூச்சு விடுகிறது. அதன் மூக்குத் துவாரமும் தொண்டையும் மிகக் குறுகியவை. ஒரு துளிச் சளி தங்கினாலும் காற்று உரசிச் சத்தம் எழும். மெல்லிய விலாக்கூட்டின் வழியே அந்த அதிர்வு முதுகில் வைத்த கைக்கும் தெரியும். இப்படிக் கரகரத்தபடியே சிரித்து, கைகால் உதைத்து, வயிறு நிறையப் பால் குடித்து, சீராக மூச்சு விடும் குழந்தையைப் பற்றி இரவோடு இரவாகப் பதற வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, ஒரு மாதக் குழந்தைக்கு நிமோனியா வந்தால் இருமலே வராமல் போகலாம். காய்ச்சலும் வராமல் போகலாம். உடல் சூடாவதற்குப் பதிலாகக் குளிர்ந்துபோகலாம். ஆக, சத்தம் போடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். சத்தமில்லாமல் துவண்டு கிடக்கும் குழந்தையை "நல்லாத் தூங்குது, எழுப்பாதே" என்று விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏறக்குறைய 7,40,000 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். அந்த வயதினரின் இறப்புகளில் இது 14 விழுக்காடு. இத்தனைக்கும் நிமோனியாவுக்கு முதலில் கொடுக்கப்படும் அமாக்சிசிலின், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடிய மலிவான மருந்து.

காதை நம்பியது நம் பாட்டிமார் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1816-ல் பிரான்சில் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்ததிலிருந்து மருத்துவப் பேராசிரியர்களும் நுரையீரலைக் காதால்தான் படித்தார்கள். பிறகு எக்ஸ்ரே படத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டும் எளிதில் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான் பார்வை குழந்தையின் வயிற்றுக்கும் விலாவுக்கும் திரும்பியது. பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் கொரோக்கா என்ற ஊரில் பணியாற்றிய ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷானும் அவருடைய குழுவினரும் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன்படி, இருமலோடு வரும் குழந்தை நிமிடத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் ஆன்டிபயாடிக் கொடுக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினால் மருத்துவமனையில் சேர்க்கலாம். கருவி எதுவும் கேட்காத இந்த அளவுகோல் முதலில் பலருக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1988-ல், நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் இதையே சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 தடவைக்கு மேலும், அதற்கு மூத்த குழந்தை 40 தடவைக்கு மேலும் மூச்சு விடுவது, நெஞ்சு உள்வாங்குவது ஆகிய இரண்டும் நுரையீரல் நோயைச் சாதாரணச் சளியிலிருந்து நன்றாகப் பிரித்துக் காட்டின. மூன்றாவதாக ஒன்றும் அதே வரிசையில் நின்றது. குழந்தை வீட்டில் வேகமாக மூச்சு வாங்கியது என்று அழைத்து வந்தவர்கள் சொன்ன தகவல்தான் அது. மருத்துவர் எண்ணிப் பார்த்ததற்கு அருகே தாயின் வாய்ச்சொல்லும் சான்றாக ஏறிய இடம் நம் வேலூர் என்பதை இந்த அவை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு இது. இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். நுரையீரல் வளர வளர ஒரு மூச்சில் கொள்ளும் காற்று கூடுவதால் எண்ணிக்கை குறைகிறது. எண்ணும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். அழுகிற குழந்தையை எண்ணினாலும், பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை எண்ணினாலும் கணக்கு பொய்யாகும். தூங்கும்போதோ அமைதியாக மடியில் கிடக்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு முழு நிமிடமும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது கைக்குழந்தைக்கு ஆகாது. பச்சிளங்குழந்தை சில விநாடிகள் வேகமாக மூச்சு விடும், சில விநாடிகள் நிறுத்தும், மறுபடி தொடங்கும். ஐந்து, பத்து விநாடி இடைவெளி அந்த வயதில் இயல்பு. 20 விநாடி மூச்சு நின்றாலோ, நிற்கும்போது குழந்தை நீலம் பாய்ந்தாலோ தொய்ந்தாலோ அது ஆபத்து. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே வந்தால் அதற்குமேல் வீட்டில் யோசிக்க எதுவும் இல்லை. காய்ச்சலிலும் மூச்சு வேகமாகும் என்பது உண்மைதான். அதைச் சாக்காக வைத்து வேக மூச்சை வீட்டிலேயே ஒதுக்கிவிடக் கூடாது. எதனால் வேகம் என்று பிரிப்பது மருத்துவரின் வேலை.

எண்ணிக்கையைவிடவும் கனமான அடையாளம் நெஞ்சு உள்வாங்குவது. சில ஊர்களில் "விலா வாங்குது" என்பார்கள், சில ஊர்களில் "வயிறு இழுக்குது" என்பார்கள். நலமான குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து மேலே எழும். நிமோனியாவில் நுரையீரல் நீர் கோத்து விறைத்துப்போகிறது. புதுப் பலூனை முதல்முறை ஊதுவதுபோல ஒவ்வொரு மூச்சுக்கும் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் விலா எலும்புகள் இன்னும் குருத்தாக இருப்பதால் அந்த இழுவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறது. மூச்சை இழுக்கும்போது குழிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் குழிகிறதா, அழாமல் இருக்கும்போதும் குழிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இலேசான குழிவு இயல்பிலேயே உண்டு. ஆழமாகவும் பளிச்சென்றும் தெரிந்தால்தான் அது நோய். இதற்கு அடுத்த படியில் வருபவை மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது, மூச்சை வெளியே விடும்போது ஒரு முனகல் கேட்பது. காதுக்கும் ஒரு வேலை உண்டென்றால் இந்த முனகலைக் கேட்பதுதான். காற்றுப் பைகள் சுருங்கிவிடாமல் இருக்கக் குழந்தை தொண்டையை மூடி மூடி மூச்சை விடுவதால் எழும் ஒலி அது. பெரியவர்கள் அதை வயிற்று வலி என்று நினைத்து ஓமநீர் கொடுப்பார்கள். கடைசிப் படி நீலம். நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் தோலைப் பார்த்து நீலத்தைக் கண்டுபிடிக்க முடியாது; நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும். நாக்கு நீலமானால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு முடிவு இல்லை.

இனி, இந்த உரையில் நான் மிக அதிகமாக நம்பும் அடையாளத்துக்கு வருகிறேன். அது பால். பெரியவர் ஒருவருக்கு இதயம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடக்கவிட்டு, ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். கைக்குழந்தைக்கு அப்படி ஒரு சோதனை நாள்தோறும் எட்டு, பத்து முறை தாயின் மார்பிலேயே நடக்கிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்வது அந்த வயதில் பெரிய உழைப்பு. மூச்சு 60, 70 என்று போகும்போது விழுங்குவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. நான்கு வாய் குடிக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், அழும், மறுபடி பற்றும், களைத்து உறங்கிவிடும். இதை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். அவர் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அவர் முன்னால் குழந்தை இருப்பது ஐந்து நிமிடம். 2008-ல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கானா, தென்னாப்பிரிக்கா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட ஏறக்குறைய 8,900 நோயுற்ற குழந்தைகளைப் பரிசோதித்தது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய கடும் நோயை எந்த அடையாளங்கள் காட்டிக்கொடுக்கின்றன என்பது கேள்வி. கடைசியில் ஏழு அடையாளங்கள் நின்றன. பால் குடிக்கச் சிரமப்பட்டது என்ற தகவல், வலிப்பு வந்தது என்ற தகவல், தூண்டினால் மட்டுமே அசைவது, 60-க்குக் குறையாத மூச்சு, நெஞ்சு ஆழமாக உள்வாங்குவது, 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடு, 35.5-க்குக் கீழே குளிர்ச்சி. பிறந்த முதல் வாரத்துக் குழந்தைகளில் இந்த ஏழில் ஏதாவது ஒன்றைக் கொண்டு பார்த்தபோது கடும் நோயுற்ற நூறு பேரில் 85 பேர் பிடிபட்டார்கள். ஏழில் முதல் இரண்டும் தாய் சொன்னால் மட்டுமே தெரிபவை என்பதைக் கவனியுங்கள். இருமல் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸால் சிறு மூச்சுக்குழல் அழற்சி வரும்; அதிலும் பாலே அளவுகோல். வழக்கமாகக் குடிப்பதில் பாதிக்குக் குறைந்தாலோ, 12 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே காட்ட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதும் எழும் முதல் மறுப்பு அன்பின் பேரால் வருவது. "பெற்றவளுக்குத் தெரியாதா? தாய் மனசுக்கு எல்லாம் தெரியும்" என்பார்கள். தாய்க்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், அதை நான் மறுக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். ஆனால் எது சரியில்லை, என்ன செய்வது என்பதற்கு அவள் நாடுவது தான் வளர்ந்த ஊரின் அறிவை. மூச்சு வாங்குவதை மாந்தம் என்று அந்த அறிவு சொன்னால் குழந்தை உரைமருந்துக்குப் போகும். தோஷம் என்று சொன்னால் மந்திரிக்கப் போகும். தொக்கம் என்று சொன்னால் தொக்கம் எடுப்பவரிடம் போகும். அன்பு குறைந்ததால் இவை நடப்பதில்லை. அன்பு மிகுந்த வீட்டில்தான் தலைக்கு ஊற்றியதும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதி எடுக்கிறார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, இருமலையும் தூண்டாமல், ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும் என்று நம் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குழலுக்கு அடுப்புப் புகையைவிட எந்த வகையிலும் நல்லதில்லை. கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குள் நெஞ்சிலோ மூக்கடியிலோ தடவக் கூடாது. வசம்பைப் பற்றியும் பேசினால் பாட்டிமார் எழுந்து போய்விடுவார்கள், அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாட்டி வைத்தியத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவதும் நேர்மையாகாது. மருந்துக்கடைப் பழக்கமும் காதை நம்பியதால் வந்ததுதான். இருமல் கேட்கிறது, எனவே இருமல் மருந்து. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறு பிள்ளைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. அதையொட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. நச்சு கலந்தது ஆலையின் குற்றம், அதைக் கண்காணிக்கத் தவறியவர்களின் குற்றம். இருந்தாலும் நச்சே கலக்காத இருமல் மருந்தும் கைக்குழந்தையின் நிமோனியாவை ஆற்றாது. சத்தத்தை அடக்கி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இரண்டு நாள் கழிய வழி செய்யும்.

இரண்டாவது மறுப்பு, படிக்காத தாய்மார்களிடம் எண்ணச் சொல்வது நடக்கிற காரியமா என்பது. இதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி பதில் சொல்கிறது. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே 58 கிராமங்களில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். குழந்தை நிமோனியா எப்படியிருக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களும், எழுத்தறியாத மருத்துவச்சிகளும்கூட அதை அடையாளம் கண்டு மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்தில் 44 கிராமங்களை ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள். 1990-ல் வெளிவந்த முடிவு இது: பயிற்சி பெற்றவர்கள் கவனித்த 612 நிமோனியாக் குழந்தைகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, 0.8 விழுக்காடு. ஒப்பீட்டுக் கிராமங்களில் அது 13.5 விழுக்காடு. ஐந்து வயதுக்கு உட்பட்ட ஆயிரம் பேருக்கு நிமோனியா இறப்பு ஒப்பீட்டுக் கிராமங்களில் 17.5, முயற்சி நடந்த கிராமங்களில் 8.1. பெரிய எண்கள் வரை எண்ணத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிட மணல் கடிகாரத்தையும் வண்ண மணிகளையும் பொருத்திய ஒரு சிறு கருவியையும் பங் தம்பதியர் செய்து கொடுத்தார்கள். மூச்சுகளைப் பத்துப் பத்தாக எண்ணி ஒவ்வொரு மணியாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும்; மணல் இறங்கி முடிவதற்குள் சிவப்பு மணியை எட்டினால் நிமோனியா. கைபேசி இல்லாத காலத்தில் முடிந்தது இன்று முடியாதா? இந்த ஆய்வுக்கு எதிராக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் நடந்த ஓர் ஆய்வில், குழந்தைக்குச் சில வாரங்களுக்கு முன் வந்தது நிமோனியாவா சாதாரணச் சளியா என்பதைத் தாய்மார்களின் பதிலைக் கொண்டு சரியாகப் பிரிக்க முடியவில்லை. தாய்மார் நம்பத்தகாதவர்கள் என்று இதை வைத்துச் சிலர் எழுதுகிறார்கள். வாரக்கணக்கில் கழித்து நினைவுபடுத்திச் சொல்வது வேறு, கண்முன் கிடக்கும் குழந்தையின் வயிற்றைப் பார்த்து எண்ணுவது வேறு. அந்த ஆய்வு சோதித்தது நினைவை.

மூன்றாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருகிறது, அதில் நியாயம் இருக்கிறது. தாய்மாருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் சின்னச் சளிக்கும் பதறி ஓடிவருவார்கள், வெளிநோயாளர் பிரிவு நிரம்பும், தேவையில்லாத ஆன்டிபயாடிக் பெருகும் என்கிறார்கள். வேக மூச்சு உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பது உண்மை. கராச்சியில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், வேக மூச்சு மட்டும் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அமாக்சிசிலினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். சிகிச்சை பலிக்காமல் போனது அமாக்சிசிலின் பெற்றவர்களில் 2.6 விழுக்காடு, பெறாதவர்களில் 4.9 விழுக்காடு. மலாவியில் இதேபோன்ற ஆய்வில் 4, 7 என்று வந்தது. அதாவது பெரும்பாலானவர்கள் மருந்தில்லாமலும் தேறினார்கள். ஆனால் மருந்து பெறாதவர்களில் தேறாதவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, தாய் கண்டுபிடிப்பது ஒரு வேலை, மருந்து எழுதுவது வேறு வேலை என்பது. குழந்தையை இன்னொருவர் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்பதை மட்டுமே நாம் தாயிடம் கேட்கிறோம். பதற்றத்தைப் பொறுத்தவரை என் கணிப்பு இதற்கு நேர் எதிரானது. எண் தெரியாதவர்தான் பதறுவார். 38 என்று எண்ணி, நெஞ்சு குழியவில்லை, பால் நன்றாகக் குடிக்கிறது என்று கண்ட தாய் அன்றிரவு வீட்டிலேயே இருக்கலாம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு விடலாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் காலின் மோர்லியும் மற்றவர்களும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக 19 அறிகுறிகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறையைப் பெற்றோர் கையில் கொடுத்தார்கள். எப்போது ஓட வேண்டும் என்பதோடு எப்போது ஓட வேண்டியதில்லை என்பதையும் சொல்வதற்காகவே அது உருவானது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கும்போது எண்ணுவானேன் என்று இளைய தந்தையர் சிலர் கேட்பார்கள். கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த அந்தக் கருவி பெரியவர் விரலுக்கானது. குழந்தையின் குட்டி விரலில் அது சரியாகப் பொருந்தாது; குழந்தை அசைந்தால் எண் தாவும். பாதத்தைச் சுற்றிக் கட்டும் தனிக் கருவி மருத்துவமனையில் இருக்கிறது. வீட்டுக் கருவி காட்டும் 98-ஐ நம்பி, விலா வாங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். கைபேசிக்கு இதைவிட நல்ல பயன் ஒன்று உண்டு. குழந்தை மூச்சு வாங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தை அமைதியாகிவிட்டாலும், நீங்கள் வீட்டில் கண்டதை மருத்துவரும் காண்பார்.

இது என் வாதத்தின் கடைசிக் கண்ணிக்கு என்னைக் கொண்டுவருகிறது: கண்டு சொன்னதை யார் கேட்கிறார்கள்? 2010-ல் லான்செட்டில் ஆன் வான் டென் ப்ரூல் முதலியோர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பொது மருத்துவரிடம் வந்த குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வில், "இந்தத் தடவை வழக்கம்போல இல்லை" என்ற பெற்றோரின் கவலை, கடும் தொற்று இருப்பதை மிக வலுவாகச் சுட்டிய அடையாளங்களில் ஒன்றாக இருந்தது. 2025-ல் மெல்போர்னின் மோனாஷ் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வில், "குழந்தை மோசமாகி வருகிறது என்று கவலைப்படுகிறீர்களா?" என்று பெற்றோரிடம் முறையாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். ஆம் என்ற பதில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதோடு, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றின் மாறுபாட்டைவிட நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. தாய் மனசுக்குத் தெரியும் என்ற பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான், ஆனால் இது சிறிய உண்மை அல்ல. அந்த மனசை நாம் பாராட்டுகிறோம், பாடுகிறோம், அது பேச வாய் திறந்தால் "முதல் பிள்ளை, அதான் பயப்படுறா" என்கிறோம். வீட்டில் மாமியார் அப்படிச் சொல்வார், மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் அப்படிச் சொல்வார். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், காய்ச்சலோ மூச்சுநோய் அறிகுறியோ இருந்த குழந்தைகளில் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் நாட்டளவில் 69 விழுக்காடு. மீதிப் பேரின் தாய்மார் எல்லோரும் கவனிக்காமல் இருந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. கையில் பணமில்லாமல், வீட்டில் ஆண் துணை வரும்வரை காத்திருந்து, "காலையில பாத்துக்கலாம்" என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்தவர்கள் அதில் இருப்பார்கள்.

இதனாலேயே, தாய்க்குக் கற்றுக்கொடுப்பது பழியைத் தாயின் தலையில் கட்டுவதாகும் என்று சில பெண்கள் அமைப்புகள் எழுப்பும் மறுப்பை நான் மதிக்கிறேன். தலைப்பில் தாய் என்று இருப்பதால் தாய் என்று பேசினேன். எண்ணுவதற்கு மார்பில் பால் தேவையில்லை. தந்தைக்கும் 60 வரை எண்ணத் தெரியும், தாத்தாவுக்கும் தெரியும். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த அடையாளம், முடிவெடுக்கும் மற்றவரிடம் தோற்றுப்போகும். எல்லோருக்கும் தெரிந்த எண்ணை யாரும் மறுக்க முடியாது. "பயமா இருக்கு" என்று சொல்லும் மருமகளை அடக்கிவிடலாம். "அத்தை, 64 வருது, நீங்களும் எண்ணிப் பாருங்க" என்று சொல்பவளை அடக்க முடியாது. மத்திய அரசு 2019-ல் நிமோனியாவுக்கு எதிராகச் SAANS (சான்ஸ்) இயக்கத்தைத் தொடங்கியபோது வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதை அதன் ஒரு பகுதியாகவே வைத்தது. அது சுவரொட்டியோடு நிற்கக் கூடாது என்பது செவிலியர் சகோதரிகளிடம் என் வேண்டுகோள். வீட்டுக்குப் பார்க்கப் போகும்போது நீங்களே எண்ணி எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வீட்டில் உள்ளவரை எண்ணவைத்து, நீங்கள் சரிபாருங்கள்.

தடுப்பூசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது, ஆனால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பெரும்பாலும் போட்டுவிடுகிறீர்கள். ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நம் மாநிலத்தில் இலவசம்; ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. ஒன்பதாம் மாதத் தவணையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊசி போட்ட குழந்தைக்கும் வைரஸால் மூச்சுநோய் வரலாம், ஆகவே எண்ணும் பழக்கம் அப்போதும் வேண்டும்.

ஒரு வேலையைக் கொடுத்து விடைபெறுகிறேன். நோய் வந்தபின் முதல்முறையாக எண்ணினால் கை நடுங்கும், கணக்குத் தப்பும். குழந்தை நலமாக இருக்கும் இன்றே, தூங்கும்போது சட்டையைத் தூக்கி முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். வீட்டில் இன்னொருவரையும் எண்ணச் சொல்லுங்கள். வந்த எண்ணை, தேதியோடு, தாய்சேய் நல அட்டையில் எழுதி வையுங்கள். அதற்குக் கீழே 60, 50, 40 என்ற மூன்று எண்களையும் 108-ஐயும் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையை அவர் மேசையில் வைத்து, "வீட்டில் எண்ணினோம், இவ்வளவு வந்தது" என்று சொல்லுங்கள்.